வேன்காரியும் ரப்பர் பொம்மையும்

என் அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். தெருவில் எல்லாருக்கும் அவள் வேன்காரி. அந்தப் பெயரில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. குறுக்கே வந்த லாரிக்காரனை, "யோவ், வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று கேட்டு அலற வைப்பாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, அழுகிற பிள்ளைக்கு மூக்குத் துடைத்துவிடுவாள். மாமா இறந்தபிறகு அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தே மகளை மருத்துவம் படிக்க வைத்தாள். எல்லாம் சரி. ஆனால் அந்த மகளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள் பாருங்கள், அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. யார் தும்மினாலும், "எங்க வீட்டு டாக்டரைக் கேளு" என்பாள்.

டாக்டர் படித்த லட்சணத்தைக் கேளுங்கள். மார்பில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கப் பழகுவதற்குக் கல்லூரியில் ஒரு ரப்பர் பொம்மை உண்டாம். தலை கிடையாது, கை கிடையாது, வெறும் மார்பு. உள்ளே ஒரே ஒரு கட்டி. வருஷக்கணக்காக அதே பொம்மை, அதே இடம்: இடது பக்கம், அக்குளை ஒட்டி மேலே. சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிவிடுவார்கள். பரீட்சையில் விரலை நேராக அங்கே கொண்டுபோய் வைத்து, "கிடைச்சிருச்சு சார்" என்றால் முழு மதிப்பெண். பொறுமையாக முழுவதும் தடவிப் பார்க்கிறவனுக்கு நேரம் போதாமல் மதிப்பெண் குறையும். இதைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவளே சொல்லிச் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். நானும்தான் சிரித்துத் தொலைத்தேன்.

அப்புறம் ஒரு நாள் வேனில் பெல்ட்டை இழுத்து மாட்டும்போது, அக்காவுக்கு இடது மார்பின் அடியில், மடிப்புக்குள், ஏதோ உருண்டையாகத் தட்டுப்பட்டது. வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டாள். நான் அதே அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மகளின் ஒரு கையில் போன். மறுகையின் இரண்டு விரல் நேராக அம்மாவின் அக்குள் பக்கம் போயிற்று. அழுத்தினாள், எடுத்துவிட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா. நார்மல்."

"அங்க இல்லடி, கீழ..."

"கீழ இருக்கறது விலா எலும்பும்மா. பெல்ட் அழுத்துனா அப்படித்தான் இருக்கும். கட்டின்னா மேலதான் வரும். நான் படிச்சிருக்கேன்ல?"

ஊரையே அதட்டுகிற அக்காவின் வாய், மகள் முன்னால் மட்டும் தானாக மூடிக்கொள்ளும். வேறு டாக்டரிடம் காட்டச் சொன்ன என்மேல்தான் பாய்ந்தாள்.

"வீட்லயே டாக்டர வச்சுக்கிட்டு வெளில போய்க் காட்டினா, அவ மூஞ்சிய எங்கடி கொண்டுபோய் வச்சுக்குவா?"

மழைக்காலம் போய் வெயில் வந்தது. ஒரு நாள் அக்கா குளித்துவிட்டுச் சட்டை மாற்றும்போது பார்த்துவிட்டேன். அந்த இடத்தில் தோல் உள்ளே இழுத்துக் குழிந்திருந்தது. எனக்குச் சீ என்றாகிவிட்டது. நோயைப் பார்த்து இல்லை. அதைச் சட்டைக்குள் மூடிக்கொண்டு, ஒன்றும் இல்லாததுபோல் என்னிடம் பல்லை இளித்தாளே, அதைப் பார்த்து. மறுநாளே அவளை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மகள் படிக்கிற கல்லூரியின் ஆஸ்பத்திரிதான் அது. பரிசோதனை முடிவெல்லாம் வந்த அன்று, பெரிய டாக்டர் அக்காவின் கட்டிலருகே வந்தார். புற்றுநோய்தான், அக்குள் வரைக்கும் போயிருக்கிறது, மருந்து ஏற்றிச் சுருக்கிவிட்டு மார்பை முழுதாக எடுக்கவேண்டும் என்றார்.

"ஆரம்பத்துலயே வந்திருந்தா கட்டிய மட்டும் எடுத்திருக்கலாம்மா. முதல்ல யார் கண்டுபிடிச்சது?"

கட்டிலைச் சுற்றி வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் நின்றார்கள். அவர்களில் ஒருத்தியாக மகளும் நின்றாள். நான் அவளையே பார்த்தேன். சொல்லுடி. வாயைத் திறந்து சொல்லித் தொலையேன். அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காதான் பேசினாள். "எம்பொண்ணுதான் சார், இதோ நிக்கிறாளே. கைய வச்சதுமே சொல்லிட்டா. நான்தான் பயந்துக்கிட்டு வராம இழுத்தடிச்சேன்."

டாக்டர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? வீட்லயே டாக்டருக்குப் படிக்கிற பொண்ணு சொல்லியும் கேக்கல. நம்ம ஜனங்களுக்கு விழிப்புணர்வே கிடையாது."

பிள்ளைகள் எல்லாரும் தலையாட்டினார்கள். மகளும் ஆட்டினாள். சீ, கருமம்!

அவர்கள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "எதுக்கு இப்படிப் புளுகினே? அவ செஞ்ச தப்பை ஏன் உன் தலையில போட்டுக்கறே?"

"இன்னும் கொஞ்ச நாள்ல டாக்டராயிடுவாடி. இது வெளில தெரிஞ்சா அவகிட்ட யாரு வைத்தியத்துக்கு வருவாங்க? நீ மட்டும் வாயத் திறந்தே, அப்புறம் என் மூஞ்சிலயே முழிக்காதே."

அதற்குள் மகள் கூட்டத்திலிருந்து நழுவி எங்களிடம் வந்தாள். குனிந்து அம்மாவின் காதருகே, "தேங்க்ஸ்ம்மா" என்றாள். தேங்க்ஸாம்! பெற்றவளின் மார்பு போகப்போகிறது, இவளுக்குப் பெயர் தப்பித்ததில் நிம்மதி. அந்த முகத்தைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. இப்படி ஒருத்தியை வளர்த்துவிட்டு, அவளுக்காகப் பொய்யும் சொல்கிற அக்காவைப் பார்க்க அதைவிட அருவருப்பாக இருந்தது.

மருந்து ஏற்றினார்கள், மார்பை எடுத்தார்கள். வேனை இப்போது வேறு ஆள் ஓட்டுகிறான். கல்லூரியில் புற்றுநோய் விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தார்கள். மகள்தான் முக்கியப் பேச்சாளர். நான் வரமாட்டேன் என்றேன். துணைக்கு ஆளில்லாமல் எப்படிப் போவேன் என்று அக்கா அழுததால் போய்த் தொலைத்தேன்.

மகள் மேடையில் வாய் கிழியப் பேசினாள். தானே மார்பைத் தடவிப் பார்ப்பது எப்படி, எந்த அறிகுறியை அலட்சியம் செய்யக்கூடாது, எல்லாம் பாடமாக ஒப்பித்தாள். கடைசியில் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். "எங்க அம்மாவோட கட்டியை முதன்முதல்ல கண்டுபிடிச்சது இந்தக் கைதான்!"

அரங்கம் அதிரக் கைதட்டினார்கள். முன்வரிசையில், முடி கொட்டிய தலையில் துணி கட்டிக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். அறுவைசிகிச்சைக்குப் பிறகு அவளால் இடது கையைத் தூக்க முடியாது. வலது கையால் தன் தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதைப் பார்த்து, முழங்கையால் இடித்தாள்.

"நீயும் தட்டுடி."