இடக்கை தாங்கும் ரீல்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தபோது வயது ஐம்பத்திரண்டு. ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டிங் மேற்பார்வையாளராக இருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை காப்பிக் கோப்பை அவர் இடக்கையிலிருந்து நழுவி விழுந்தது. உடைந்ததை அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் ஏதோ சரியில்லை என்று எனக்கு உறைத்தது.

உயிர் தப்பினார். கைத்தடியோடு நடக்கப் பழகினார். பேச்சு குழறலாகத் திரும்பி வந்தது. இடக்கை மட்டும் வரவில்லை. தோளையும் முழங்கையையும் கொஞ்சம் தூக்குவார். விரல்களுக்குப் பிடிப்பு இல்லை.

ஐந்து மாதம் கழித்து, கை கால்களுக்குப் பயிற்சி கொடுத்த பெண் என்னிடம் கேட்டாள், "இவருக்கு என்ன பிடிக்கும்? பிடிச்சதைச் செஞ்சா மனசு தெளியும்லா."

"மீன் பிடிக்கிறது," என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஞாயிறுதோறும் விடிந்ததும் அவர் பிடோக் படகுத்துறைக்குக் கிளம்பிவிடுவார். இருபது வருடத்தில் ஒருமுறைகூட நான் கூடப் போனதில்லை. வீட்டில் இருக்கும் ஒரே நாளையும் கடலுக்குக் கொடுக்கிறாரே என்ற கோபம் எனக்குள் இருந்தது.

அந்த வாரமே அவரிடம் சொல்லாமல் மோட்டார் வைத்த தூண்டில் ரீல் ஒன்றை வாங்கி வந்தேன். பொத்தானை அழுத்தினால் போதும், தூண்டில் நரம்பான தங்கூசியை அதுவே சுற்றி இழுத்துவிடும். மேசையில் வைத்துக் காட்டினேன். வலக்கையால் மெல்லத் தள்ளினார்.

"இது... மெஷின் பிடிக்கிறது. நான் இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். மருத்துவமனையிலிருந்து வந்த நாள்முதல் அவர் உடுத்தும் சட்டை, சாப்பிடும் நேரம், படுக்கும் நேரம் எல்லாவற்றையும் நானே முடிவு செய்துகொண்டிருந்தேன். அன்றுதான் அது எனக்குத் தெரிந்தது. திரும்பி வந்து, "சரி, நீங்களே பார்த்து எடுங்க," என்றேன்.

தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் தூண்டில் சாமான்கள் விற்கும் கடை இருக்கிறது. கடைக்காரர் தமிழர், நாற்பது வயது இருக்கும். என் கணவரின் தொங்கும் கையைப் பார்த்தார், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"அண்ணே, ரொம்ப நாளா ஆளையே காணோம். என்ன வேணும்?"

"சின்னது. கரையோர மீனுக்கு."

கடைக்காரர் மூன்று ரீல்களை எடுத்துவைத்தார். வழக்கமாக வலக்கையில் தூண்டில் கோலைப் பிடித்து இடக்கையால் சுற்றுவார்கள். இவருக்கு அது முடியாது. கேட்காமலேயே கடைக்காரர் கைப்பிடிகளைக் கழற்றி வலப்பக்கம் மாட்டினார். கோலை இடது முன்கையோடு சேர்த்துக் கட்ட அகலமான ஒட்டுப்பட்டை ஒன்றும் தேடி எடுத்தார்.

மூன்றையும் நான் கையில் தூக்கிப் பார்த்தேன். "இதுதாங்க ரொம்ப லேசு. இதை எடுத்துக்குங்க," என்று மிகச் சிறியதை நீட்டினேன்.

என் கணவர் வாங்கிப் பார்த்தார். அதைக் கோலில் மாட்டச் சொல்லி, இடது முன்கைமேல் படுக்க வைத்தார். கோலின் நுனி சட்டென்று தரையைப் பார்த்துச் சாய்ந்தது. நடுத்தரமானதை மாட்டச் சொன்னார். கோல் ஒரு நொடி ஆடி, அப்படியே மட்டமாக நின்றது.

"பார்த்தியா?" என்றார் என்னைப் பார்த்து. "ரொம்ப லேசா இருந்தா... நுனி கனக்கும். கை அதைத் தூக்கிட்டே இருக்கணும்."

பிறகு கடைக்காரரைத் தங்கூசியை இழுக்கச் சொன்னார். மீன் இழுக்கும்போது ரீல் இறுக்கத்தை விட்டுக்கொடுக்கும் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டார். பல தடவை அந்த இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் தளர்த்தி, இறுக்கி, மறுபடியும் இழுக்க வைத்தார். எங்கேயாவது வெடுக்கென்று உதறினால் அந்தக் கை தாங்காது. கடைக்காரர் பொறுமையாக இழுத்துக்கொண்டே இருந்தார். அரை மணி நேரத்துக்குப் பிறகு என் கணவர், "இது," என்றார். ஐந்து மாதத்தில் தனக்கு இதுதான் வேண்டும் என்று அவர் உறுதியாகச் சொன்னது அதுவே முதல் முறை.

அடுத்த ஞாயிறு காலை படகுத்துறைக்குப் போனோம். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கோலை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, தங்கூசியைத் தடுத்து நிறுத்தும் ரீலின் கம்பி வளையத்தை வலக்கையால் திறந்தார். அந்தக் கையின் ஆள்காட்டி விரலில் தங்கூசியை மாட்டிக்கொண்டு வீசினார். தூண்டில் காலடியிலேயே விழுந்தது. உதவலாம் என்று நான் எழுந்தேன்.

"இரு," என்றார்.

உட்கார்ந்தேன். மறுபடியும் வீசினார். சிக்கு விழுந்தது. பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த சீனத் தாத்தா ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிக்கை ஒரு கையாலும் பல்லாலும் என் கணவரே எடுத்தார். எனக்குத்தான் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தேன்.

வெயில் ஏறியபோது ஒரு வீச்சு கொஞ்சம் தூரம் போய் விழுந்தது. கோலை இடது முன்கையில் வைத்துப் பட்டையை இறுக்கிக் காத்திருந்தார். திடீரென்று நுனி துடித்தது. முன்கை நடுங்கியது, ஆனால் இறங்கவில்லை. மெதுவாகச் சுற்றினார். ஒரு சாண் நீளக் கிழங்கான் மீன் மேலே வந்து தரையில் புரண்டது.

கொக்கியை எடுக்க அவருக்கு இரண்டாவது கை இல்லை. என்னைப் பார்த்தார். "நீ எடு."

தேக்காவில் வாங்கிய மீனை எத்தனையோ வருடம் கழுவியிருக்கிறேன். உயிரோடு ஒன்றைத் தொட்டதில்லை. உள்ளங்கைக்குள் அது அடித்துக்கொண்டது.

"மெதுவா. வாயைக் கிழிச்சிடாத."

எடுத்தேன். விடச் சொன்னார், கடலில் விட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். கைக்குட்டையை எடுக்கப் போய் நிறுத்திக்கொண்டேன். தோளை உயர்த்திச் சட்டையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அந்த விரல்களுக்குப் பிடிப்பு திரும்பவில்லை, இனித் திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வேலையையும் விட்டாயிற்று. ஞாயிறுகளில் இரண்டு நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போகிறோம். எனக்கு இன்னும் வீசத் தெரியாது. கற்றுக்கொள்ள ஆசையும் இல்லை. இரை கோப்பதும் கொக்கி எடுப்பதும் என் வேலை. பல நாள் ஒன்றுமே கிடைப்பதில்லை. வெயில் சுடும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் பேருந்து ஏறி வீட்டுக்கு வருகிறோம்.