எல்லையில் நின்ற சீர் வண்டி

என் மதினி மொக்கம்மாளை எங்கள் ஊரில் பாதிப் பேர் கல்நெஞ்சுக்காரி என்பார்கள். கூடப் பிறந்த அண்ணனைச் சீரோடு எல்லையிலேயே திருப்பி அனுப்பியவள் என்பது அவர்கள் புகார். நான் அவள் புருஷனின் தம்பி. அன்றைக்கு அவள் பக்கத்தில் நின்றவன். அதனால் நடந்ததைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. கேட்கப் பொறுமை இல்லாதவர்கள் தாராளமாகப் பழையபடியே பேசிக்கொண்டு போகட்டும்.

குச்சனூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். இருபத்தெட்டாம் வருஷம் தை மாதம் ஊருக்குள் எலி விழுந்தது. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். எலி தானாகச் செத்து விழுந்தால் அடுத்து விழப்போவது மனிதர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பிளேக் எங்களுக்குப் புதிதல்ல. வீடுகளைப் பூட்டிவிட்டு ஊரே காடுகளில் சோளத்தட்டைக் குடிசை போட்டுக் குடியேறியது. சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். பூட்டிய வீட்டிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது, தானியத்தைத் தொடவே கூடாது, எலி மேலிருக்கும் தெள்ளுப்பூச்சி சாக்குக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோரும் தலையாட்டினோம். ஆனால் வீட்டில் மண் குலுக்கை நிறையச் சோளம் கிடக்கும்போது எந்தக் குடியானவன் குடிசையில் பிள்ளையைப் பட்டினி போடுவான்? என் அண்ணன் சுருளியாண்டி ஒரு மத்தியானம் பூட்டைத் திறந்து, குலுக்கையிலிருந்து ஒரு மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்களில் ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டியிலிருந்து அதை இறக்கியவனே நான்தான். மதினியின் மூத்தவன் ராக்கையாவுக்கு ஆறு வயது. அந்த மூட்டை மேல் ஏறிக் குதித்து விளையாடினான். ஐந்தாம் நாள் அவனுக்குத் தொடையிடுக்கில் நெறி கட்டிக் காய்ச்சல் வந்தது. எட்டாம் நாள் புதைத்தோம்.

மதினி என் அண்ணனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் அந்த மனுஷன் கொஞ்சமாவது தேறியிருப்பார். மிச்சச் சோளத்தைச் சாக்கோடு கொளுத்தினாள். மறுவாரம் ஊசி போட டாக்டர் வந்தபோது ஆண்பிள்ளைகள் நாங்கள் ஆளுக்கொரு பக்கம் ஒளிந்தோம். அவள் மூன்று வயது மகள் பஞ்சம்மாளை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய்க் கையை நீட்டினாள். பிறகு தட்டைப் படப்புக்குப் பின்னால் பதுங்கியிருந்த என்னைத் தேடி வந்தாள்.

"கொழுந்தனாரே, மீசை வெளிய தெரியுது. எந்திரிச்சு வந்து குத்திக்கிருங்க. இன்னொரு பொணத்த என்னால பாக்க முடியாது."

வெட்கத்தோடு எழுந்து போனேன்.

ஊர் திரும்பிய பிறகு எங்கள் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். வெளியூர்ச் சாக்கு வாசற்படி ஏறக் கூடாது. வந்த தானியம் களத்தில் மூன்று நாள் வெயிலில் காய வேண்டும். பஞ்சம்மாள் தரையில் படுக்கக் கூடாது. சந்தைக்குப் போய் வருகிறவர்களை மறித்து, எந்தெந்த ஊரில் எலி விழுந்திருக்கிறது என்று விசாரிப்பாள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊரில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவரும் பிள்ளையைப் புதைத்தவர் இல்லை.

பஞ்சம்மாளுக்கு ஐந்து வயதானபோது காது குத்த நாள் வைத்தோம். தாய்மாமன் மடியில் உட்கார்த்திதான் குத்த வேண்டும். மாமன் சீர் எங்கள் பக்கம் லேசுப்பட்டதல்ல. கொட்டு முழங்க வண்டி வர வேண்டும். வண்டி நிறைய நெல் மூட்டை இருக்க வேண்டும். மதினிக்கு ஒரே அண்ணன், கோட்டைச்சாமி. தாயில்லாத தங்கையைத் தோளில் போட்டு வளர்த்தவர். மலையடிவாரத்தில் இருந்த அவர் ஊரில் எலி விழுந்துவிட்டதாக, காதுகுத்துக்கு நான்கு நாள் முன்னால் சந்தையில் கேள்விப்பட்டு வந்து நான்தான் சொன்னேன். நாளைத் தள்ளி வைப்போம், சீர் வேண்டாம் என்று மதினி உடனே ஆள் அனுப்பினாள். மடி கொடுக்காதவன் என்ன மாமன் என்று பதில் வந்தது.

சொன்னபடியே வந்துவிட்டார். காலையில் கொட்டுச் சத்தம் கேட்டதும் மதினி எல்லைக்கல்லுக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். புதுப் பாவாடையோடு பஞ்சம்மாளும் எங்கள் பின்னால் வந்துவிட்டாள்.

"அண்ணே, வண்டிய அங்கனயே நிறுத்து!"

"என்னத்தா இது? ஆரத்தி எடுக்காம மறிச்சுக்கிட்டு நிக்கிற?"

"மூட்டைய எறக்கிக் கொளுத்திருவோம். நீ இந்தப் புளியந்தோப்புல பத்து நாள் இரு. நானே சோறு கொண்டாந்து வைக்கிறேன். அப்பறம் வெறுங்கையோட வந்து மடி குடுண்ணே. எனக்கு நீ போதும்."

கொட்டுக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். கோட்டைச்சாமி முகம் கறுத்துப்போயிற்று.

"மாமன் சீரக் கொளுத்துவியா? என்னத்தா, என்னய ஊருக்கு வெளிய நிப்பாட்டுவியா?"

"ராக்கையாவக் கொண்டுபோனதும் ஒரு மூட்டைதாண்ணே."

"மாமா!" என்று பஞ்சம்மாள் பாய்ந்தாள். மதினி அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கோட்டைச்சாமி குழந்தையைப் பார்த்தார். பிறகு மாடுகளைத் திருப்பினார். எனக்கு மனசு கேட்கவில்லை. "மச்சான், மச்சான்" என்று நாலு எட்டு ஓடினேன்.

"கொழுந்தனாரே, வண்டியத் தொடாதீக!" என்று பின்னாலிருந்து கத்தினாள்.

பதினேழாம் நாள் தாக்கல் வந்தது. கோட்டைச்சாமி பிளேக்கில் போய்விட்டார், புதைத்தும் ஆயிற்று என்று வந்தவர் தூரத்தில் நின்றபடி சொன்னார்.

"அந்த மூட்டையெல்லாம்?" என்று கேட்டாள் மதினி.

"பிரிக்கவே விடலத்தா. கட்டிலுக்குப் பக்கத்துல அடுக்கி வச்சிருந்தாக. தங்கச்சி கோவந் தணிஞ்சு கூப்பிட்டு விடும்னு சொல்லிக்கிட்டே இருந்தாக."

நோய் அந்த மூட்டையில்தான் இருந்ததா, ஏற்கெனவே அவர் உடம்பில் இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. தோப்பில் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரோ என்று நான் யோசிக்காத நாளில்லை. மதினி யோசித்தாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. அவள் அழவில்லை, பிறந்த ஊருக்குத் துக்கத்துக்கும் போகவில்லை. இங்கேயும் ஒரு பெண் வந்து அவளைக் கட்டிப்பிடித்து அழவில்லை. அந்த ஒன்றுக்காக இந்த ஊரை என்னால் மன்னிக்க முடியாது.

மறு வருஷம் ஆவணியில் பஞ்சம்மாளுக்குக் காது குத்தினோம். கொட்டும் இல்லை, வண்டியும் இல்லை. முறைக்குத் தூரத்து மாமன் ஒருவரை அண்ணன் கூட்டி வந்திருந்தார். மதினி அவரை விலகச் சொல்லிவிட்டுத் தானே மணையில் உட்கார்ந்து மகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"தாய் மடியில வச்சுக் குத்துற வழக்கம் இல்லையே, தாயி" என்றார் ஆசாரி.

"குத்துங்க" என்றாள்.

ஊசி இறங்கியதும் பஞ்சம்மாள் வீரிட்டாள். கூடவே இன்னொரு குரல், "அண்ணே, எங்கண்ணே!" என்று வீடு அதிர எழுந்தது. மகளின் தலைமேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு மதினி அழுதாள். ஒரு வருஷத்து அழுகை. குழந்தை தன் வலியை மறந்து அம்மாவையே பார்த்தது. ஆசாரி இரண்டாவது காதைக் குத்தாமல், ஊசியைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் காத்திருந்தார்.