ஏலத்தில் இறங்காத கை

எக்ஸ்ரே, ஸ்கேன் படம் படிக்கிற ரேடியாலஜி மேற்படிப்பு சீட்டெல்லாம் ஸ்கேன் சென்டர் வைத்திருக்கிற டாக்டர் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தானாம். செங்கல்பட்டு ஹாஸ்டலில் ஒரு சீனியர் அன்பரசியிடம் இதை அக்கறையாகவே சொன்னாள். மீன்காரி மகள் எம்.பி.பி.எஸ். வரைக்கும் வந்ததே பெரிசாம். அந்த அக்கறையில் அன்பரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போடி, எனக்கு அதுதான் வேணும் என்று மனசுக்குள் கருவிக்கொண்டாள்.

ஊரிலும் இதே கதைதான். "டாக்டர்னா ஊசி போடணும். இருட்டு ரூம்ல குந்திகினு படம் பாக்கவா இம்மாம் படிப்பு?" என்று பக்கத்து வீட்டு ஜெகதாம்பாள் கேட்டபோது, அம்மா சாந்தா வாயை மூடிக்கொண்டிருந்தாள். அன்பரசிக்கு அதுதான் வலித்தது.

வழி காட்டியது டாக்டர் மார்கரெட்டின் ஆன்லைன் வகுப்பு. மார்கரெட் செங்கல்பட்டுப் பக்கம் படாளத்தில் விவசாயக் கூலி வீட்டில் பிறந்து, இப்போது அமெரிக்காவில் ரேடியாலஜிஸ்ட். வீட்டுக்கே முதல் டாக்டராகப் போகிற பிள்ளைகளுக்காக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வகுப்பு எடுத்தார். ஒரு படத்தையாவது வாய்விட்டுப் படித்துச் சொன்னவர்களுக்கே அடுத்த கட்டப் பயிற்சி. அன்பரசி இதுவரை வாயே திறக்கவில்லை. கடைசி வகுப்பும் வந்துவிட்டது.

அன்று அவள் லீவில் வீட்டுக்கு வந்திருந்தாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கும் அவர்கள் குப்பத்தில் சிக்னல் நன்றாகக் கிடைப்பது மீன் ஏலம் விடுகிற இடத்தில்தான். சுற்றிலும் ஏலம் நடக்க, ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து போனைப் பார்த்தாள். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று வந்தது. பார்த்ததுமே பிடிபட்டுவிட்டது. கை தூக்கும் பட்டனை அழுத்தினாள். விரிசல் விழுந்த திரை அசையவில்லை. பட்டன் சண்டி பண்ணினால் நிஜக் கையைத் தூக்கச் சொல்லியிருந்தார் மார்கரெட். தூக்கினாள்.

அந்தக் கரை ஏலத்தில், தூக்கிய கைகளில் ஒன்று மட்டும் மிஞ்சும்வரை விலை ஏறும்.

"சங்கரா மீன் கூடைய டாக்டரம்மா கேக்குது!" என்று ஏலம் விடும் ஜம்புலிங்கம் குரல் கொடுத்தார். அதே கூடைக்குக் கை தூக்கி நின்ற இன்னொருத்தி சாந்தா.

"அடிப்பாவி, நான் வாங்கற கூடைக்கு நீயே வெல ஏத்தறியா? எறக்குடி கைய!"

"எறக்க மாட்டம்மா. எறக்குனா கிளாஸ்ல என்னைக் கூப்புட மாட்டாங்க."

விலை ஏறியது. கூட்டம் சிரித்தது. போனில் வேறொரு மாணவன், படத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். அன்பரசியின் தோள் கடுத்தது. சாந்தா மகள் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தன் கையைப் பட்டென்று கீழே போட்டாள்.

"எம் பொண்ணு பேர்ல முடி, அண்ணாத்த."

ஏலம் முடிந்தும் அந்தக் கை இறங்கவில்லை. ஒருவழியாக ஹெட்போனில் மார்கரெட்டின் குரல் கேட்டது. "மீன் கூடைங்க நடுவுல கை தூக்கிகினு கீற பொண்ணு, நீ சொல்லும்மா."

"இடது பக்கம் மேல மெல்லிசா ஒரு கோடு இருக்கு, டாக்டர். அதுக்கு வெளியே ரத்தக்குழாய் ஒண்ணுமே தெரியல. நுரையீரலைச் சுத்திக் காத்து சேர்ந்து அது சுருங்கியிருக்கு. உடனே பார்க்கலன்னா ஆபத்து."

"கரெக்ட். அடுத்த வாரத்துலேர்ந்து நீ என்கூட படம் பார்க்கிற."

அன்பரசி கையை இறக்கினாள். கண் நிறைந்து போன் மங்கியது. "கெடச்சிடுச்சும்மா" என்றாள். "இன்னா சாந்தா, பொண்ணுக்கு இன்னா ஆச்சு?" என்று ஜெகதாம்பாள் கிட்டே வந்தாள்.

சாந்தா கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "ஒண்ணும் ஆவல. இருட்டு ரூமோ வெளிச்ச ரூமோ, கேட்டத வாங்கிட்டா. வழி வுடு."