அக்காவுக்குப் போகவேண்டிய முகம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்வது மரியாதை. நான் தலைக்கு மை பூசுகிறவன். ஜொகூர் பாருவில் பாதிப் பேருக்கு முடி வெட்டுகிறவன் தலையே நரைத்துக் கிடந்தால் கடைக்கு அழகில்லை என்று, மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கடைக் கதவைச் சாத்திக்கொண்டு கறுப்புத் தைலம் தடவுவேன். செவ்வாய்க்கிழமை நம் ஆட்கள் யாரும் முடி வெட்ட வரமாட்டார்கள் அல்லவா, அந்தத் தைரியம். அன்றைக்கு இடது பக்கம் முடித்திருந்தேன், வலது பக்கம் தொடங்கவில்லை. கதவை யாரோ உடைக்கிற மாதிரி தட்டினார்கள்.

திறந்தால் போலீஸ்காரர் சாலே, சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு நிற்கிறார். "மாரி, மாஸ்டர் சூடா தாடா" என்றார். மாஸ்டர் போய்விட்டார் என்று மலாயில் சொல்கிறார். காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பச் சட்டை போட்டவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், அவ்வளவுதான். சாலே என்னை எதற்கெல்லாமோ கிண்டல் செய்கிறவர். அன்றைக்கு என் தலையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்போதுதான் செய்தி நிஜம் என்று எனக்கு உறைத்தது.

தணிகாசலம் மாஸ்டரை உங்களில் பலருக்குப் பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக்கொடுத்தவராகத் தெரியும். சிலருக்குச் சிலை செய்கிறவராகத் தெரியும். எனக்கு அவர் முதலில் ஒரு வாடிக்கையாளர். கடலுக்குக் குறுக்கே தாம்பாக் என்கிற தரைப்பாலம் கட்டக் கல்லைக் கொட்டிக்கொண்டிருந்த காலம். சென்னைப் பட்டணத்தில் சிற்பம் படித்துவிட்டு, ஒரு தகரப்பெட்டியோடு கப்பலில் வந்து இறங்கியவர், நேரே என் கடை நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். நான் சோப்பு நுரையோடு குனிந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு என் தாடையைப் பிடித்தார்.

"அசையாதீங்க. உங்க தாடை ரொம்ப சுவாரசியமா இருக்கு."

"சவரம் உங்களுக்கா எனக்காங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. காது வரைக்கும் தடவிப் பார்த்துவிட்டு, "நெறையப் பேசுவீங்க போல, எலும்பே தேஞ்சிருக்கு" என்றார். அன்று முதல் நான் அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன். என்னைக் கிண்டல் செய்யத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் குறைவு.

சாயங்காலத்தில் தன் வாடகை வீட்டின் பின்கட்டில் மண் வகுப்பு நடத்தினார். யார் வேண்டுமானாலும் போகலாம். நிரந்தரமாகப் போனது மூன்று பேர்: சாலே, தச்சு வேலை செய்யும் ஆ சோங், அப்புறம் நான். முதல் பாடமே கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் தொட்டுப் பார்ப்பது. ஆ சோங் என் மூக்கைப் பிடித்துத் திருகிப் பார்த்தான், திருகாணி என்று நினைத்தானோ என்னவோ. சாலேயின் முறை வந்தபோது சங்கடம் வந்தது. மலாய்க்காரர்கள் தலையைப் பிறத்தியார் தொடுவது பெரிய மரியாதைக் குறைவு. வெட்டுகிற நானே அவர்களிடம் ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்டுத்தான் தொடுவேன். மாஸ்டருக்கு ஊர் புதிது, ஆனாலும் சாலேயின் முகம் மாறியதைப் பார்த்துவிட்டார். உடனே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் தலையைச் சாலேயின் முன்னால் குனிந்து நீட்டினார். "முதல்ல நீங்க. புடிச்சா சொல்லுங்க, புடிக்கலன்னா இன்னைக்கு மாட்டு மண்டை செய்வோம்." சாலே ரொம்ப நேரம் அந்தத் தலையைத் தடவினார். அப்புறம் தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஏன் இப்படிக் கண்ணைக் கட்டுகிறார் என்று நான் துருவித் துருவிக் கேட்டதில்தான் அக்காவின் கதை வெளியே வந்தது. திருவையாற்றுப் பக்கம் ஒரு ஊர். அக்காவுக்குச் சிறுவயதிலேயே அம்மை வந்து இரண்டு கண்ணும் போய்விட்டன. பசு எப்படி இருக்கும், தேர் எப்படி இருக்கும் என்று கேட்பாளாம். தம்பிக்காரர் ஆற்று மண்ணைப் பிசைந்து செய்து அவள் கையில் கொடுப்பாராம். "நான் கண் இருக்குறவங்களுக்குச் சிலை செய்றவன் இல்ல மாரி" என்பார். அதனால்தான் அவர் செய்த முகங்கள் எல்லாம் பார்வைக்குக் கொஞ்சம் கரடுமுரடாக, கன்னத்தில் கட்டைவிரல் பதிந்த குழியோடு இருக்கும். படித்தவர்கள் வந்து இதுதான் புதுமாதிரிச் சிற்பம் என்றார்கள். வேறு சிலர், முடிக்காமல் விட்டுவிட்டார் என்றார்கள். அவர் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "கைய வச்சுப் பாருங்க."

கோயில்காரர்களிடம் அது எடுபடவில்லை. உலு திராம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் காவல் தெய்வம் ஒன்று சிமெண்டில் செய்யக் கேட்டார்கள். மாஸ்டர் ஒரு வாரம் விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவர்களோடு போய்வந்து செய்தார். உருட்டு விழி இல்லை, கோரைப் பல் இல்லை. ஒரு கை அரிவாளில், கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, இமை பாதி மூடி. கோயில் தலைவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்ன மாஸ்டர், சாமி இப்பதான் தூங்கி எந்திரிச்ச மாதிரி இருக்கு?"

"ராத்திரி பூரா காவல் காத்தவரு வேற எப்படிங்க இருப்பாரு?"

ஒரு கிழவனார், பால் வெட்டுகிறவர், சுருட்டைப் பற்றவைத்து அந்தச் சிமெண்ட் வாயருகே வைத்தார். "இருக்கட்டும் விடுங்க. நம்மள மாதிரிதான் இருக்காரு" என்றார். சிலை இன்னும் அங்கேதான் இருக்கிறது. போகிறவர்கள் தொட்டுப் பாருங்கள்.

இந்த ஊர் முகங்களை அக்காவுக்கு அனுப்புவது அவர் வழக்கம். நேரே முகத்தின்மேல் பிளாஸ்டர் மாவைப் பூசி அச்செடுத்து, அந்த அச்சில் வார்த்து, மரத்தூள் அடைத்த பெட்டியில் கப்பலேற்றுவார். சாலே போனார், ஆ சோங் போனான். என் முறை வந்தது. "மொதல்ல எண்ணெய்" என்று கிண்ணத்தைக் கையில் கொடுத்தார். "முடி இருக்குற எடத்துல நல்லா அப்பணும். இல்லன்னா மாவு எறுகி முடியப் புடிச்சுக்கும்." எண்ணெயைப் பற்றி முடிவெட்டுகிறவனுக்கே பாடமா என்று எனக்கு ரோஷம். கன்னத்தில் நாலு சொட்டு வைத்துக்கொண்டு படுத்துவிட்டேன். அச்சைத் தூக்கும்போது நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். என் இரண்டு புருவமும் அச்சுக்குள்ளே வரிசை பிசகாமல் இருந்தன.

"அலமாக்!" என்று வாயைப் பிளந்தான் ஆ சோங்.

மாஸ்டர் இடுக்கியால் ஒவ்வொரு முடியாகப் பிடுங்கிக்கொண்டே சொன்னார்: "எண்ணெய நம்புறவனுக்கு வலிக்காது மாரி." புருவம் முளைக்கிறவரைக்கும் கரிக்கோடு போட்டுக்கொண்டு கடை நடத்தினேன். அக்கா என் முகத்தைத் தடவிவிட்டு, "இவன் வாய மூடவே மாட்டான் போல இருக்கே" என்று சொன்னதாக ஊரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். கடல் தாண்டியும் என் பேர் கெட்டதில் மாஸ்டருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"எல்லார் மூஞ்சியும் அனுப்புறீங்களே, உங்க மூஞ்சி எங்க?" என்று ஒருநாள் சவரம் செய்யும்போது கேட்டேன். அவர் தன் மீசையைத் தொட்டுக்கொண்டார். அடர்த்தியான மீசை, ஒதுக்கிவிடுவதற்கே எனக்குத் தனிக் கத்தரிக்கோல் உண்டு.

"பட்டணத்துக்குப் படிக்கக் கெளம்பும்போது அக்கா என் மொகத்தத் தடவி அனுப்புனா. அப்ப இது இல்ல. அவ விரல்ல நான் இன்னும் மீச மொளைக்காத பையன். அத எதுக்குக் கெடுக்கணும்?"

நான் அந்தத் தனிக் கத்தரிக்கோலை எடுத்து மீசையை ஒதுக்கத் தொடங்கினேன்.

போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவரே பேச்செடுத்தார். அக்காவுக்குத் தள்ளாமை வந்துவிட்டதாம். தம்பி எப்படி இருக்கான், கிழவனாகிவிட்டானா, குண்டாகிவிட்டானா என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிறாளாம். "கேட்டுக் கேட்டு என்ன தெரியும் அவளுக்கு? வெள்ளிக்கெழம பள்ளிக்கூடம் லீவு. நீங்களும் ஆ சோங்கும் வந்து என் மூஞ்சிய எடுத்துடுங்க." வாசல்வரை போய்த் திரும்பி, "மாரி, எண்ணெய்" என்றார்.

"தெரியும் மாஸ்டர், தெரியும்" என்றேன்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

நான் போனபோது வீட்டில் கூட்டம். போனவருக்குக் கடைசிச் சவரம் செய்வது எங்கள் தொழிலைச் சேர்ந்தது, அதனால் எனக்கு வழி விட்டார்கள். பெட்டியைத் திறந்து கத்தியை எடுத்தேன். கை ஓடவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, சாயங்காலத்துக்குள் உடலை எடுத்தாக வேண்டும். மண்ணுக்குள் போய்விட்டால் அக்காவுக்கு அந்த முகம் எந்தக் காலத்திலும் இல்லை. ஆ சோங் மூலையில் பிளாஸ்டர் மாவுத் தகரத்தைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கத்தியை உள்ளே வைத்தேன்.

"கொஞ்ச நேரம் கொடுங்க. மாஸ்டர் மொகத்துக்கு அச்செடுக்கணும்."

பெரியவர் ஒருவர் எழுந்துவிட்டார். "செத்தவன் மூஞ்சியில மாவு பூசறதா? உனக்குப் புத்தி இருக்கா? மொதல்ல உன் தலையப் போய்க் கண்ணாடியில பாரு!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக நிற்கிறவன் பேச்சை யார் கேட்பார்கள்? ஆனாலும் சொன்னேன். அக்காவைச் சொன்னேன், அம்மையைச் சொன்னேன், ஆற்று மண் பசுவைச் சொன்னேன். "நாமெல்லாம் கடைசியா ஒரு தடவ மொகத்தப் பாத்துக்குறோம். அந்தம்மா எதப் பாப்பாங்க?" என்று கேட்டேன். சாலே போலீஸ் உடுப்போடு வந்து என் பக்கத்தில் நின்றார். பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சரி, சட்டுனு முடி. வெயில் ஏறுது."

ஆ சோங் மாவைக் கரைத்தான். நான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தேன். இந்தத் தடவை புருவத்தை விடுவேனா? ஒன்றுக்கு மூன்று தடவை தடவினேன். இமை, நெற்றி, காதோரம். அவர் முகத்தை அத்தனை வருடம் தொட்டிருக்கிறேன், எண்ணெய் போட்டுத் தொட்டது அன்றைக்குத்தான். குளிர்ந்திருந்தது. சாலே ஓலை விசிறியால் ஈ ஓட்டினார். மாவு இறுகும்போது சூடேறும், உங்களுக்குத் தெரியும். அச்சின்மேல் கை வைத்தேன், முகம் வெதுவெதுப்பாகிவிட்டது. ஒரு நிமிஷம் நான் கையை எடுக்கவே இல்லை.

வார்த்த முகம் நன்றாக வந்திருக்கிறது. கண்ணோரச் சுருக்கம், மேல்வாயில் விழுந்த பல்லினால் வந்த குழி, எல்லாம் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்தேன், அவரேதான். பெட்டி போன கப்பலில் ஏறிவிட்டது. அக்கா இந்த மாதக் கடைசியில் தம்பியைத் தொடுவாள், கிழவனானாரா இல்லையா என்று அவளே தெரிந்துகொள்வாள்.

எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த எண்ணெய்க் கிண்ணம். அப்புறம் அவரிடமிருந்து தொற்றிக்கொண்ட ஒரு பழக்கம்: சவரத்துக்கு உட்காருகிறவர் தாடையைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை தடவிப் பார்ப்பது. கத்தி கையில் இருக்கும்போது இது நிறையப் பேருக்குப் பிடிப்பதில்லை. நான் விடுவதாக இல்லை.

நடந்ததில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. மீசையின் வலது பக்கத்துக்கு நான் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் போதுமா என்று ஆ சோங் கேட்டான். திரும்பிப் பார்த்து, போதும் என்றேன். மறுபடி குனிந்தபோது தாடையிலிருந்து தொடங்கினேன். அச்சைத் தூக்கியபோது இடது பாதி மீசை அதோடு வந்துவிட்டது. வார்த்த முகத்தின் மீசையிலும் அந்த முடி ஒட்டிக்கொண்டே வந்தது. பிடுங்கிவிடவா என்று ஆ சோங் இடுக்கியை எடுத்தான். இருக்கட்டும் என்றேன். அதுவும் கப்பலில் போயிருக்கிறது. வலது பாதியை மழிப்பதற்கு எனக்கு மனசு வரவில்லை, நேரமும் இல்லை. அதோடே மாஸ்டரை அடக்கம் செய்தோம். கடைசியாக முகம் பார்க்க வந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள், அப்புறம் என் தலையைப் பார்த்தார்கள்.