லூசியஸ் டால்பர்ட்டின் ஈ ஃபிளாட்

வறுத்த மீனைத் தின்றுகொண்டே, எண்ணெய்ப் பிசுக்கு விரல்கள் ஐந்தையும் மேசையில் அழுத்தி, "இப்ப நான் என்ன கார்ட் வாசிச்சேன், சொல்லு பார்ப்போம்?" என்று கேட்பார் லூசியஸ் டால்பர்ட். மேசையிலிருந்து என்ன சத்தம் வரும்? பதில் தெரியாமல் விழிக்கிறவனைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பார் பாருங்கள், நமக்கு வயிறு எரியும்.

டெட்ராய்ட்டில், ஹேஸ்டிங்ஸ் தெரு கேடிஸ் கிளப்பில் அவர் பியானோ, நான் ஆளுயர வயலின் மாதிரி இருக்கும் டபுள் பாஸ். ஒன்பது வருஷமாக அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். என் தலையெழுத்து.

பாட்டு முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு கார்ட், அதாவது நாலைந்து சுரங்களைச் சேர்த்து ஒரே அடியாக அடிப்பது, வரும். ஜி செவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்போதடா வீடு போய்ச் சேருவோம் என்று காதைத் தவிக்கவைக்கும். அடுத்து 'சி' வந்ததும் அப்பாடா என்றிருக்கும். அந்த ஜி செவனுக்குள் ஓரிரு சுரங்களை அரைப்படி ஏற்றியோ இறக்கியோ வாசித்தால் தவிப்பு கூடும், வீடு சேரும்போது இன்னும் இனிக்கும். இதைத்தான் கார்டை ஆல்டர் பண்ணுவது என்பார்கள், இவ்வளவுதான். கிள்ளிப் போடுகிற உப்பு. லூசியஸ் அள்ளிக் கொட்டுகிற ஆள்.

"இடது கையில பி, எஃப். வலது கையில ஈ ஃபிளாட் மேஜர். முடிஞ்சுது கதை! இந்த ஊர்ல எவனுக்குடா இது தெரியும்?" என்பார். எல்லோருக்கும் தெரியும். டிரம்ஸ் தட்டுகிற ரூஃபஸுக்கே தெரியும். பாடுகிறவர் எந்தச் சுரத்தில் நிற்கிறார் என்று பார்த்துவிட்டு கார்டில் கைவைக்க வேண்டும் என்பதுதான் இந்த மகானுக்குத் தெரியாது.

போன ஞாயிறு மத்தியானம் எர்லீன் மேப்ரி பாடிக் காட்ட வந்தாள். ஆஸ்பத்திரி லாண்டரியில் விரிப்பு தேய்க்கிறவள். முதலாளி கேடிஸுக்குப் பிடித்துவிட்டால் வெள்ளி, சனி மேடை அவளுக்கு. லாண்டரிக்கு முழுக்குப் போட்டுவிடலாம்.

"லூசியஸ் அண்ணே, கடைசி வரியில நான் 'டி'யிலயே இழுத்து நிப்பேன். அங்க மட்டும் சாதா ஜி செவன் வாசிங்கண்ணே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"சாதாவா? சாதா வேணும்னா சர்ச்சுக்குப் போம்மா!"

பாடினாள். அம்மாடி, என்ன குரல்! கிளாஸ் கழுவுகிறவர்கூடக் குழாயை மூடிவிட்டார். கடைசி வரியில் 'டி'யைப் பிடித்தாள். அதற்கு அரைப்படி மேலே, ஈ ஃபிளாட்டை ஓங்கி அடித்தார் லூசியஸ். பாவம், அவள் காது அதன் பின்னால் ஓடியது. குரல் ஏறி, வழுக்கி, உடைந்தது. நான் கீழே 'ஜி'யை விரல் நோக இழுத்துப் பார்த்தேன். பிரயோஜனமில்லை.

"குரல் நல்லாத்தாம்மா இருக்கு. சுருதிதான் நிக்கல" என்று கேடிஸ் எழுந்தார்.

"அவ சரியாத்தான் பாடினா முதலாளி, இந்தாளுதான்..." என்று ஆரம்பித்தேன். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு போயே விட்டார்.

எர்லீன் மைக்கை விடாமல் நின்றாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. "அண்ணே, நான் கேட்டேனேண்ணே" என்றாள்.

லூசியஸ் தலையை நிமிர்த்தவே இல்லை. "என் கார்டுல புதுசா ஒரு சுரம் சேர்ந்து விழுந்திருக்கு மாப்ளே. பென்சில் இருந்தா குடு, மறந்துடுவேன்" என்று, வலது கையைக் கட்டைகளிலிருந்து எடுக்காமலேயே, இடது கையை என் பக்கம் நீட்டினார்.