துணைக்கு ஓர் ஆள்

அப்பாவின் முதல் வருஷத் திதி ஆனி மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்தது. வீட்டில் சடங்கு முடிந்ததும் இலஞ்சிக்குப் பக்கத்தில் உள்ள முதியோர் இல்லத்தில் மதியச் சாப்பாடு போடுவதாக ஏற்பாடு. மேலகரத்தில் என் எலக்ட்ரிக்கல் கடைக்கு வருகிறவர்களில் பலரும் அப்படித்தான் செய்வார்கள். பிறந்தநாளோ, நினைவு நாளோ, எதுவானாலும் அங்கே ஒரு மதியச் சாப்பாடு. நானும் வேறெதையும் யோசிக்கவில்லை.

அருவிக்குப் போகிற வண்டிகளுக்கு நடுவே ஊர்ந்து, சோற்று அண்டாக்களோடு நாங்கள் போய்ச் சேர ஒன்றரை மணி ஆகிவிட்டது. வாசலில் இன்னொரு வேன் நின்றது. தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் ஒருவர், மகளின் பிறந்தநாளுக்காகப் பிரியாணி கொண்டுவந்திருந்தார். உள்ளே இருந்தவர்களோ, அருவியில் குளிக்க வந்த வெளியூர்க்காரர்கள் கொடுத்த சாம்பார் சாதத்தைப் பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தார்கள்.

"நான் போன வாரமே சொல்லி வச்சிட்டேன்," என்றேன்.

"நாங்களும் சொல்லிட்டுத்தான் அண்ணாச்சி வந்திருக்கோம். பிள்ளை தன் கையால விளம்பணும்னு காலைல இருந்து சொல்லிக்கிட்டு இருக்கா," என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

குரல்கள் உயர்ந்தன. யார் முதலில் பரிமாறுவது என்று வாசலிலேயே வாக்குவாதம். இல்லத்தைக் கவனித்துக்கொள்ளும் அம்மா நடுவில் வந்து இரண்டு தரப்பையும் அமைதிப்படுத்தினார். பெரியவர்களை எழுப்பி மறுபடியும் இலை முன்னால் உட்கார வைத்தார்கள். யாருக்கும் பசியில்லை. நான் சோறு வைக்கக் குனிந்தபோது ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு வேண்டாம் தம்பி. சங்கடப்படாதிய. இலைல வச்சு படம் எடுத்துக்கிடுங்க. நான் உக்காந்திருக்கேன்."

அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் என்னைக் குத்தியது. என் தம்பி படம் எடுத்தான்.

அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையில் சுவிட்சு கேட்டவருக்கு ஹோல்டரை எடுத்துக் கொடுத்தேன். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்தேன்.

"என்னத்துக்கு இப்படி அலையுதிய? நல்ல காரியம்தான செஞ்சோம்?" என்று என் மனைவி கேட்டாள்.

"செஞ்சோம். யாருக்குச் செஞ்சோம்னுதான் தெரியல."

ஒரு வேலை நாளில், கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு, தனியாக இல்லத்துக்குப் போனேன். வெறுங்கையோடு அந்த வாசலில் நிற்கக் கூச்சமாக இருந்தது. இங்கே உண்மையில் என்ன தேவைப்படுகிறது என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"சொன்னா கோவிச்சுக்கிட மாட்டியளே?"

"சொல்லுங்க."

"சோறு சீசன்ல மிஞ்சிப் போவுது அண்ணாச்சி. ஐப்பசி கார்த்திகை மழைல ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு ஆளு எட்டிப் பாக்க மாட்டாவ. அதைக்கூட சமாளிச்சிருவேன். ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போக ஆளுதான் இல்ல. இங்கன இத்தனை பேரை விட்டுட்டு நான் எப்படிப் போவேன்?"

அன்று சாப்பாடு வேண்டாம் என்றவருக்குக் கண்ணில் புரை. கூட நிற்க ஆள் இல்லாமல் ஆபரேஷன் தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. செங்கோட்டை வழியாகப் புனலூருக்கு லாரி ஓட்டியவர். நான் வருகிறேன் என்றதும், என் முகம் இருந்த திசையில் கூர்ந்து பார்த்தார்.

"படம் எடுப்பியளா?"

"இல்ல."

"அப்பம் சரி."

ஆஸ்பத்திரியில் காத்திருப்பது எனக்கு வராத வேலை. கடையிலிருந்து போன் வந்தபடி இருந்தது. எழுந்தேன், உட்கார்ந்தேன், வாசல்வரை போய்த் திரும்பினேன்.

"நீங்க ஏன் கெடந்து தவிக்கிய? கண்ணு எனக்குல்லா," என்றார் பெரியவர்.

பதிவு செய்யும் இடத்தில் "நீங்க யாரு, மகனா?" என்று கேட்டார்கள். நான் வாய் திறக்கும் முன் அவரே, "தெரிஞ்ச ஆளு," என்றார்.

உள்ளே அழைத்துப் போகும்போது என் சட்டையைப் பிடித்தார்.

"நாளைக்குக் கட்டு அவுக்கும்போது நிப்பியளா?"

"நிப்பேன்," என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை பண்பொழியில் என் மச்சினி மகளுக்கு நிச்சயதார்த்தம் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. இல்லத்து அம்மாவிடம் போனில் அதைச் சொல்லிப் புலம்பினேன்.

"சொந்தக்காரங்க என்ன கேப்பாவ? நான் என்ன பதில் சொல்லட்டும்?" என்று மனைவி பொருமினாள். அவளைப் பண்பொழிக்குப் பஸ் ஏற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வார்டு வாசலில், பிளாஸ்க்கில் டீயோடு, ஜவுளிக்கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் அந்த ஞாயிறு உறுத்தியிருக்கிறது. முந்தின நாள் இல்லத்துக்குப் போனவரிடம் அந்த அம்மா விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

"வீட்டு விசேஷம்னு சொன்னாவ. நீங்க போங்க அண்ணாச்சி, நான் நிக்கேன்."

"நான் வாக்குக் கொடுத்துட்டேன் பாய்."

இருவருமே நின்றோம். கட்டை அவிழ்த்ததும் பெரியவர் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"சத்தத்தை வச்சுத் தெரியுது, நீங்க ரெண்டு பேரும்லா அன்னைக்கு வாசல்ல சண்ட போட்டிய?"

ஜவுளிக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். பெரியவர் டீயை ஒரு வாய் குடித்தார். டீயில் சீனி குறைவு என்றார்.

அந்த ஒரு நாளால் ஊர் மாறிவிடவில்லை. இப்போது யாராவது சீசன் ஞாயிறு மதியம் கேட்டால் அந்த அம்மா, "அன்னைக்கு வேண்டாம், மழைக்கால ராத்திரி ஒண்ணை எடுத்துக்கிடுதியளா, இல்ல ஒருநா ஆஸ்பத்திரிக்கு வாறியளா" என்று கேட்கிறார். பலர் போனை வைத்துவிடுகிறார்கள். சிலர் வருகிறார்கள். "சோறு போட்டா புண்ணியம். பெஞ்சில உக்காந்தா என்ன கிடைக்கும்?" என்று என் சித்தப்பா கேட்டார்.

இந்த வருஷத் திதிக்கும் சாப்பாடு போட்டே ஆகவேண்டும் என்றாள் மனைவி. "மாமா பேரைச் சொல்லி நாலு பேரு வயிறாறச் சாப்பிடாம எப்படி?" அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆனியில் வீட்டுச் சடங்கோடு நிறுத்திக்கொண்டு, ஐப்பசியில் ஒரு மழை இரவு இட்லி கொண்டுபோனோம். கரண்ட் போய்விட்டது. டார்ச் வெளிச்சத்தில் மனைவி பரிமாறினாள். லாரிக்காரர் இன்னும் இரண்டு வைக்கச் சொல்லித் தட்டை நீட்டினார். இட்லித் தூக்கு காலியாகும்வரை அவள் உட்காரவில்லை. திரும்பி வரும்போது, பெண்களுக்குத் துணை வேண்டுமென்றால் தானும் போவதாகச் சொன்னாள்.

ஆனாலும் மனம் அடங்கவில்லை. வரும் வாரம் ஒரே நாளில் இருவரை வெவ்வேறு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவேண்டியிருக்கிறது. ஜவுளிக்கடைக்காரர் சரக்கு எடுக்க சூரத் போயிருக்கிறார். மனைவிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். காலையிலிருந்து தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்துகொண்டிருக்கிறேன். ஒருவர் மட்டும், வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.