நான் அழித்த பென்சில் கோடுகள்

தேவதாருப் பலகையை இழைத்தால் ஒரு வாசம் வரும்... பிசினும் எலுமிச்சைத் தோலும் கலந்த மாதிரி. கல்யாணமான புதிதில் எங்கள் வீடு முழுக்க அந்த வாசம்தான். ஐம்பத்தொன்பதாம் வருஷம் என்று ஞாபகம்.

என் வீட்டுக்காரர் சவரி, தச்சர். பகலில் கதவு, ஜன்னல். சாயங்காலம் கல்யாண பேண்டில் பாஸ் வாசிப்பார். ஆள் உயரப் பிடில் மாதிரி இருக்கும் அது. கடல் காற்றில் ஒருநாள் அதன் வயிறு பிளந்துபோனது. வேறு வாங்க வழியில்லை.

"நானே செய்றேன்" என்றார்.

கப்பலில் ஒயின் புட்டிகள் வந்த பெட்டியின் தேவதாருப் பலகை முன்பக்கத்துக்கு. உடம்புக்கும் கழுத்துக்கும் பலா. தந்தி நாலும் பழசிலிருந்து கழற்றியது. செய்து முடித்தபோது அது தோளில் மாட்டுகிற பெரிய கித்தார் மாதிரி இருந்தது... ஆனால் கித்தார் கழுத்தின் குறுக்கே வரிசையாகக் கம்பி இருக்குமே, அது கிடையாது. பூ வேலை இல்லை, பாலீஷ் இல்லை. வெறும் மரம்.

எதிர்வீட்டு தொமாஸ் அண்ணன் கேட்டார், "இன்னா சவரி, சவப்பெட்டி செஞ்சதுல மிஞ்சின பலகையா?"

"ஆமாண்ணே, ஒனக்கு அளவெடுத்ததுல மிஞ்சிச்சு."

இவர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது.

பேண்டு மாஸ்டர் வேறு வந்து சொல்லிவிட்டுப் போனார். "சனிக்கிழமை கல்யாணத்துல இது சரியா பேசலன்னா, கடலூர்ல ஒரு ஆள் இருக்கான், அவன வச்சிக்குவேன். வருத்தப்படாத சவரி."

கதவும் ஜன்னலும் வயிற்றுக்கு. அவர் உயிர் இதில்தான் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் முடிவெட்டப் போயிருந்தார். கித்தாரைப் பார்த்தேன். கழுத்தெல்லாம் பென்சில் கோடு! எங்கள் வீட்டில் வேலை முடிந்தால் கோட்டை அழிப்பது என் வேலை. அவர் இழைத்துக் கொடுப்பார், நான் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். அவசரத்தில் மறந்துவிட்டார் போல என்று நினைத்தேன். இனி யாரும் கேலி பேசக் கூடாது என்று ஒவ்வொன்றாகத் தேய்த்தேன்... பதினொரு கோடு. கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். பளபளவென்று ஆனது.

வந்தவர் கித்தார் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"கோடு எங்க?"

"அழிச்சிட்டேன்... வேலை முடிஞ்சா அழிக்கணும்னு நீங்கதான சொல்வீங்க?"

அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார். "அது மரத்துக்குப் போட்ட கோடு இல்ல ரீத்தா. என் வெரலுக்குப் போட்டது."

குறுக்குக் கம்பி இல்லாத கழுத்தில் விரல் ஒரு அரிசி அளவு தள்ளி விழுந்தாலும் சுரம் கெட்டுப்போகுமாம். பத்து நாளாகத் தந்தியைத் தட்டிக் கேட்டுக் கேட்டுப் போட்ட கோடுகள்! மறுபடி போட நேரமில்லை. வாசலில் ரிக்‌ஷா மணி அடித்தது. திட்டவில்லை. தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் பின்னாலேயே நடந்தேன். கல்யாண வீட்டில் பரிமாறுகிற பெண்களோடு நின்றுகொண்டேன். முதல் பாட்டில் இரண்டு இடம் பிசகியது எனக்கே தெரிந்தது. மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாவது பாட்டில் இவர் கித்தார் கழுத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். கன்னத்தை மரத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

அப்புறம் வந்தது பாருங்கள் அந்தச் சத்தம்... தரை வழியாக என் காலுக்கு ஏறியது. மாஸ்டர் திரும்பவே இல்லை. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார், "இனிமே அதுக்கு உப்புத்தாள் போடாதடி. கழுத்து மெலிஞ்சா பொண்ணுக்குத்தான் அழகு."

அதற்கப்புறம் கோடே போடவில்லை. யார் செய்தது என்று யாராவது கேட்டால், "செஞ்சது நானு. பினிஷிங் எங்க ரீத்தா" என்பார்.

அவர் போய் நாலு மாசம் ஆகிறது.

இப்போது பேத்தி தன் கித்தார் தந்தியைத் தட்டினால் போனில் பச்சை விளக்கு எரிகிறது... சுருதி சரியாம். அன்றைக்கு எங்களுக்கு மாஸ்டர் முதுகுதான் பச்சை விளக்கு.

நேற்று தூசி தட்டக் கித்தாரை ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்து வந்தேன். கழுத்தில் அவர் விரல் அழுந்திக் கறுத்த தடங்கள். எண்ணினேன்... பதினொன்று. நான் தேய்த்த அதே இடங்கள்.

நாலு மாசத்தில் நேற்றுதான் சிரித்தேன்.

எண்ணெய்கூடத் தொடவில்லை. அப்படியே மாட்டிவிட்டேன்.